தெல்ஃபியின் அபராத வெள்ளி

கி.மு. 343 இலையுதிர்காலத்தில் போக்கிஸ் நாட்டார் தெல்ஃபிக்கு 30 தாலந்து வெள்ளி கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். இன்றைய நிறையில் ஏறக்குறைய 780 கிலோ. அப்பல்லோவின் சொத்தைக் கொள்ளையடித்ததற்கு அவர்கள் கட்டிய அபராதத்தின் முதல் தவணை அது. அடுத்த வசந்தத்தில் இன்னொரு 30. அப்படியே ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்று ஏற்பாடு.

கிரேக்க உலகில் நூற்றுக்கணக்கான நகரங்கள் வெள்ளிக்காசு அடித்தன. எவ்வளவு அடித்தோம் என்று எழுதிவைத்த நகரம் கிட்டத்தட்ட இல்லை. போக்கிஸ் கட்டிய இந்த வெள்ளிக்கு மட்டும் ஓர் அதிர்ஷ்டம் வாய்த்தது. அது உருக்கப்பட்டுப் புதுக் காசாக அடிக்கப்பட்டது. அந்தக் கணக்கைக் கோயிலார் கல்லில் வெட்டிவைத்தார்கள். கல்லும் மிஞ்சியது, காசும் மிஞ்சியது. பண்டைய வெள்ளிக்காசு இத்தனை லட்சம், இத்தனை கோடி என்று வரலாற்று நூல்களில் படிக்கும்போது, அந்த எண்ணின் வேரைத் தோண்டிக்கொண்டே போனால் பெரும்பாலும் இந்த ஒரு கோயில் கணக்கில் போய் முட்டும். அவ்வளவு பாரத்தை இந்தச் சின்னக் கணக்கு தாங்குமா என்பதுதான் கேள்வி.

வெள்ளியின் கதை அபராதத்துக்கு வெகு முன்பே தொடங்குகிறது. தெல்ஃபியில் குறி கேட்க வந்த அரசர்களும் நகரங்களும் தலைமுறை தலைமுறையாகக் காணிக்கை குவித்திருந்தார்கள். லிடியாவின் அரசன் குரோசஸ் அனுப்பியவற்றை ஹெரோடோட்டஸ் வரிசையாகச் சொல்கிறார்: 117 பொற்கட்டிகள், பொன் சிங்கம் ஒன்று, 600 ஆம்ஃபோரா மது பிடிக்கும் வெள்ளிக் கொப்பரை ஒன்று. அந்தக் கொப்பரை நம் அளவில் 20,000 லிட்டரைத் தாண்டும்; திருவிழாவில் மது கலக்கப் பயன்பட்டதாம். இதே பொற்கட்டிகளை நானூறு ஆண்டு கழித்து எழுதிய டியோடோரஸ் 120 என்கிறார். கண்ணெதிரே அடுக்கிவைத்திருந்த கட்டியை எண்ணுவதிலேயே பழைய ஆசிரியர்களுக்குள் மூன்று கட்டி வித்தியாசம் வருகிறது. பின்னால் வரப்போகும் பெரிய எண்களைப் படிக்கும்போது இது நினைவில் இருப்பது நல்லது.

கோயிலை நிர்வகித்தது ஆம்ஃபிக்டியனி என்னும் கூட்டவை. பன்னிரண்டு இனத்தார், ஆளுக்கு இரண்டு வாக்கு, ஆண்டுக்கு இரண்டு கூட்டம். அப்பல்லோவுக்கென்று தரிசாக விடப்பட்ட கிர்ரா சமவெளியில் உழுது பயிரிட்டார்கள் என்று போக்கியர்மேல் இந்த அவை பெரும் அபராதம் போட்டது. கட்ட முடியாத போக்கியர் கி.மு. 356-இல் கோயிலையே கைப்பற்றிக்கொண்டார்கள். தளபதி ஃபிலோமெலோஸ் கூலிப்படைக்குச் சம்பளத்தை ஒன்றரை மடங்காக்கினார். அந்தச் சம்பளத்துக்குப் பணம்? காணிக்கை மண்டபங்கள் பக்கத்திலேயே இருந்தன. அவருக்குப் பின் வந்த தளபதிகளுக்குக் கூச்சம் விட்டுப்போனது. கட்டியும் சிங்கமும் உலைக்குப் போயின. ஹெலனுடையது என்று நம்பப்பட்ட கழுத்தணியைத் தளபதி ஒருவரின் மனைவி போட்டுக்கொண்டு திரிந்தார் என்று டியோடோரஸ் வம்பும் சேர்த்துச் சொல்கிறார். மொத்தக் கொள்ளை 10,000 தாலந்துக்கு மேல். அதில் வெள்ளி மட்டும் 6,000 என்பது அவர் கணக்கு.

பத்தாண்டு இழுத்த போரை கி.மு. 346-இல் மாசிடோனியாவின் பிலிப் முடித்துவைத்தார். போக்கியரின் இரண்டு வாக்கையும் அவர் எடுத்துக்கொண்டார். போக்கியருக்கு ஆண்டுக்கு 60 தாலந்து என்று அபராதம் விதிக்கப்பட்டது. அபராதத்தில் தொடங்கிய போர் இன்னொரு அபராதத்தில் போய் நின்றது. அந்த வேகத்தில் 10,000 தாலந்தை அடைக்க 166 ஆண்டுக்கு மேல் ஆகும். நடைமுறையில் ஆண்டுத் தொகை சில ஆண்டுகளிலேயே 30 ஆகக் குறைந்து, பிறகு 10 ஆகச் சுருங்கியது. கடன்காரனைப் பிழிந்தால் எவ்வளவு வரும் என்பது தெரிந்த பிறகு கடன் கொடுத்தவர் இறங்கிவருவது எக்காலத்துக்கும் உள்ள வழக்கந்தான்.

கோயிலுக்கும் பணம் அவசரமாக வேண்டியிருந்தது. கி.மு. 373-இல் அப்பல்லோ கோயில் இடிந்து விழுந்திருந்தது. மறுகட்டுமானம் போரினால் நின்று, இப்போது அபராதப் பணத்தில் மறுபடி உயிர்பெற்றது. ஆனால் போக்கியர் கொண்டுவந்தது பல ஊர் அச்சுப் பதிந்த, தேய்ந்த, கலவையான பழைய காசு. கி.மு. 337 வாக்கில் ஆம்ஃபிக்டியனி தனியாகக் கருவூலர்களை நியமித்தது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் பழைய வெள்ளியின் ஒரு பகுதியை உருக்கித் தன் பெயரிலேயே காசு அடித்தது. உருக்கும்போது குறைந்த சேதாரம் உட்படக் கணக்கில் ஏறியது. தணிக்கைக்குப் பயந்த கணக்கப்பிள்ளைகள் என்று நினைக்கிறேன். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

புதுக் காசுகளில் பெரியது ஸ்டேட்டர். இரண்டு திராக்மா மதிப்பு, 12 கிராமுக்குச் சற்று மேல் எடை. கூடவே திராக்மாவும் அரைத் திராக்மாவும். ஸ்டேட்டரின் முகப்பில் முக்காடிட்டுக் கதிர்மாலை சூடிய டெமீட்டர். அப்பல்லோ கோயிலின் காசில் தானிய தேவிக்கு என்ன வேலை என்று தோன்றலாம். ஆம்ஃபிக்டியனி கூடும் இடங்கள் இரண்டு: ஒன்று தெல்ஃபி, மற்றது தெர்மோபிலே கணவாய் அருகே அன்தேலாவில் உள்ள டெமீட்டர் கோயில். பின்புறத்தில் அப்பல்லோ, உலகின் நடுவைக் குறிக்கும் தொப்புள் கல்லின்மேல் நீண்ட அங்கியோடு அமர்ந்திருக்கிறார். முழங்கை யாழின்மேல், கையில் நீண்ட லாரல் கிளை, பக்கத்தில் முக்காலி. சுற்றி ஆம்ஃபிக்டியனியின் பெயர். இரண்டு கோயிலையும் ஒரே காசின் இரு பக்கத்தில் உட்காரவைத்துவிட்டார்கள்.

அந்த டெமீட்டர் காசில் ஏறியது எப்படி என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நம் முழுக் கணக்கும் அந்த ஒரு செயலைச் சுற்றித்தான் ஓடுகிறது.

காசு அடிக்க அச்சு இரண்டு வேண்டும். முகப்பு அச்சைப் பட்டடையில் குழி வெட்டிப் பதித்துவிடுவார்கள். காசில் இடப்பக்கம் பார்க்கும் முகத்தை அச்சில் வலப்பக்கம் பார்க்கக் குடைய வேண்டும். காசில் மேடாக வருவதெல்லாம் அச்சில் பள்ளம். தகரம் கூடிய வெண்கலத்திலோ இரும்பிலோ, ஒரு பெருவிரல் அகலத்துக்குள், காதணியின் தொங்கலையும் கோதுமைக் கதிரின் மீசையையும் தலைகீழாக வெட்டியவன் பெயர் நமக்குத் தெரியாது. பின்புற அச்சு கையில் பிடித்து நிறுத்தும் தடித்த உளி. எடை பார்த்து வார்த்த வில்லையை உலையில் சூடாக்கி, இடுக்கியால் எடுத்து முகப்பு அச்சின்மேல் வைத்து, அதன் தலையில் பின்புற அச்சை நிறுத்தி, சம்மட்டியால் ஓங்கி ஓர் அடி. சரியாக விழாவிட்டால் இன்னொன்று. இரண்டாம் அடிக்குள் வில்லை மயிரிழை நகர்ந்திருந்தால் தேவிக்கு மூக்கு இரண்டாகிவிடும். அப்படிப் பட்ட காசும் செலாவணியானது.

சம்மட்டி நேராக இறங்குவது பின்புற அச்சின்மேல். ஆகவே அதுதான் முதலில் சாகும். பட்டடைக்குள் பதிந்திருக்கும் முகப்பு அச்சு, நடுவில் இருக்கும் வில்லை அதிர்ச்சியைக் குறைத்துக் கொடுப்பதால், பின்புற அச்சு பலவற்றைத் தின்று தீர்க்கும். அதனால்தான் உற்பத்தியைக் கணக்கிடுகிறவர்கள் முகப்பு அச்சையே எண்ணுகிறார்கள். ஆனால் அதற்கும் முதுமை வரும். முதலில் கன்னத்தோரம் நூலிழையாக ஒரு கீறல். அச்சில் கீறல் பள்ளமாகையால் காசில் அது மெல்லிய கோடாக எழும்பி நிற்கும். நாளாக ஆகக் கோடு நீண்டு விளிம்பைத் தொடும். முக்காட்டின் மடிப்பு மழுங்கும். வேலையாள் அச்சை மறுபடி செதுக்கி இன்னும் கொஞ்ச காலம் ஓட்டுவான். ஒரே அச்சில் பிறந்த காசுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது முதலில் பிறந்தது, எது பிறகு என்று அந்தக் கீறலின் நீளமே சொல்லிவிடும்.

அடித்த காசு பெரும்பாலும் மலைப்பாதையில்தான் செலவாயிற்று என்று நினைத்துக்கொள்ளலாம். கோயிலுக்கான சுண்ணாம்புக்கல் கொரிந்துப் பக்கமிருந்து வந்தது. மூலைக்கல் ஒன்றுக்கான கணக்கு மிஞ்சியிருக்கிறது: கல்வெட்டாங்குழியில் விலை 61 திராக்மா, வளைகுடாவைத் தாண்டிக் கப்பலில் கிர்ரா துறைக்கு வர 224, துறையிலிருந்து தெல்ஃபி மலைக்கு ஏற்ற 420. ஆக 705 திராக்மாவில் கல்லுக்கான விலை பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இழுத்துப்போனவருக்கும் மாட்டுக்கும்தான் பாதிக்கு மேல். அந்த 420 திராக்மா 210 ஸ்டேட்டர். கிட்டத்தட்ட இரண்டரைக் கிலோ வெள்ளி. அரசனின் காணிக்கையாக வந்த வெள்ளி கூலிப்படையிடம் போய், அபராதமாகத் திரும்பி, வண்டிக்காரன் மடியில் போய் உட்கார்ந்தது என்றால் அது கற்பனைக்கு நல்ல தொடராக இருக்கும். அதே வெள்ளிதான் என்று நிரூபிக்க முடியாது. போக்கியர் அபராதத்துக்கு எங்கெங்கோ திரட்டியிருப்பார்கள். ஆனால் கோயில் கணக்கில் அது அதே கடன்.

கொள்ளைக்குத் தப்பியவையும் உண்டு. குரோசஸ் கொடுத்த வெள்ளிச் சாடிகளுள் ஒன்று கி.மு. 86 வரை பிழைத்துக் கிடந்தது. ஏதென்ஸை முற்றுகையிட்ட ரோமானியத் தளபதி சுல்லாவுக்குப் பணம் வேண்டியிருந்தது. சாடி பொதிமாடு சுமக்க முடியாத அளவு பெரிதாக இருந்ததால் ஆம்ஃபிக்டியனிக்காரர்களே அதைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுக்க வேண்டியதாயிற்று என்று புளூட்டார்க் எழுதுகிறார். அதன் முடிவும் சம்மட்டிக்கடியில்தான் இருந்திருக்கும்.

ஆம்ஃபிக்டியனியின் காசு அடிப்பு அந்த ஒரு முறையோடு நின்றுபோனது. காசுகள் கைமாறின, பெரும்பாலானவை வேறு காசாக மறுபடி உருகின, சில மண்ணுக்குள் போயின. தெல்ஃபியும் மண்ணுக்குள் போய் அதன்மேல் கஸ்த்ரி என்றொரு கிராமம் எழும்பியது. 1892-இல் பிரெஞ்சு ஆய்வுப் பள்ளி கிராமத்தையே பெயர்த்து வேறிடத்தில் குடியமர்த்திவிட்டுத் தோண்டத் தொடங்கியது. உடைந்த கல்வெட்டுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. அவற்றுள் கருவூலர் கணக்கும் கோயில் கட்டுவோர் கணக்கும் இருந்தன. எமில் பூர்கே 1932-இல் அவற்றைத் தொகுத்து வெளியிட்டார். ழான் பூஸ்கே 1989-இல் இன்னும் செப்பமான பதிப்புத் தந்தார். சிதைந்த கல், பாதி எழுத்து, நடுவில் காணாமற்போன எண்கள். ஒவ்வொரு தொகையும் வாதத்துக்கு உட்பட்டது.

காசுப் பக்கம் வேறு ஆட்கள், வேறு வேலை. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்து இம்ஹோஃப் புளூமர் என்ற நாணயவியலாளர் 19-ஆம் நூற்றாண்டிலேயே ஒன்றைக் கண்டுகொண்டார். கையால் வெட்டிய அச்சு இரண்டு ஒன்றுபோல் இருக்கவே முடியாது. ஆகவே இரண்டு காசில் டெமீட்டரின் முக்காட்டு மடிப்பும் கதிரின் ஒவ்வொரு மணியும் எழுத்துக்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளியும் முழுக்க ஒத்துப்போனால் அவை ஒரே அச்சில் பிறந்தவை. காசுகளோ பாரிஸ், லண்டன், பெர்லின், ஏதென்ஸ் என்று சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் சாந்துவார்ப்பு எடுத்து வெள்ளை வெளேரென்று மேசைமேல் பரப்பிக்கொள்வார்கள். உலோகத்தின் மினுக்கம் கண்ணை ஏமாற்றும், சாந்து ஏமாற்றாது. பிறகு பொறுமைதான். முதல் காசும் இரண்டாவதும் முகப்பில் ஒன்று, பின்புறத்தில் வேறு. இரண்டாவதும் மூன்றாவதும் பின்புறத்தில் ஒன்று, முகப்பில் வேறு. இப்படிக் கொக்கி கொக்கியாக மாட்டிச் சங்கிலி நீளும். சங்கிலியின் முடிவில் இத்தனை முகப்பு அச்சு, இத்தனை பின்புற அச்சு என்று ஓர் எண் வரும். இதைவிட உறுதியான எண் பண்டைய பொருளாதார வரலாற்றில் அபூர்வம். எவர் வேண்டுமானாலும் அந்த வார்ப்புகளை எடுத்துச் சரிபார்க்கலாம்.

கண்ணில் பட்ட அச்சு இத்தனை, படாதது எத்தனை? இதற்கு ஊகம் வேண்டியதில்லை, கணிதம் இருக்கிறது. 60 காசு கிடைத்து அவற்றில் 12 முகப்பு அச்சு தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 60-ஐ 12-ஆல் பெருக்கி, 60-இலிருந்து 12 போக மிச்சம் 48-ஆல் வகுத்தால் 15. மொத்தம் சுமார் 15 அச்சு இருந்திருக்கும், மூன்று இன்னும் தலைகாட்டவில்லை என்று பொருள். இது எளிய வாய்பாடு. கைல்ஸ் கார்ட்டர், வாரன் எஸ்ட்டி போன்றவர்கள் இதைப் பலவிதமாகச் செம்மைப்படுத்தினார்கள். ஒரே ஒரு காசில் மட்டும் தென்படும் அச்சுகள் இதில் முக்கியம். 60-இல் ஆறு காசுதான் அப்படித் தனித்து நிற்கின்றன என்றால், நாம் ஏற்கெனவே பார்த்துவிட்ட அச்சுகளிலிருந்தே அந்தக் காசடிப்பின் ஏறத்தாழ 90 சதவீதம் பிறந்திருக்கிறது. இந்த யோசனை இரண்டாம் உலகப்போரில் ரகசியக் குறியீடு உடைத்த ஆலன் டூரிங்கிடம் தோன்றி, உடன் பணிசெய்த ஐ.ஜே. குட் 1953-இல் வெளியிட்டது. விலங்கினங்களை எண்ணவும் அதுதான். டெமீட்டரை எண்ணவும் அதுதான்.

வாய்பாட்டைச் சோதிக்க ரோமானியர்கள் ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார்கள். கி.மு. 82-இல் புப்லியுஸ் கிரெபுசியுஸ் என்ற அதிகாரி பெயரில் வந்த வெள்ளித் தினாரிகளில் பின்புற அச்சு ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் வெட்டியிருக்கிறது. எண் 500-ஐத் தாண்டிப் போகிறது. அதாவது விடைத்தாள் காசிலேயே அச்சாகியிருக்கிறது. கிடைத்த காசை வைத்து அச்சு எத்தனை இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, வரிசை எண்ணோடு ஒப்பிடலாம். கார்ட்டர் ஒப்பிட்டுப் பார்த்தார்; கணக்கு நன்றாகவே நின்றது.

இதுவரை தரை கெட்டி. அடுத்த அடியில்தான் சேறு. அச்சு எத்தனை என்று தெரிந்தாலும், ஓர் அச்சு எத்தனை காசு அடித்தது என்று தெரிந்தால்தானே மொத்தம் வரும்? அந்தப் பெருக்கு எண்ணைத் தேடித்தான் எல்லோரும் தெல்ஃபி மலை ஏறுகிறார்கள்.

1983-இல் ஃபிலிப் கின்ஸ் கல்வெட்டுக் கணக்கையும் காசின் அச்சுகளையும் எதிரெதிரே வைத்தார். தெல்ஃபியின் மினா என்ற நிறைக்கு 35 ஸ்டேட்டர். 60 மினா ஒரு தாலந்து. ஆகவே தாலந்துக்கு 2,100 ஸ்டேட்டர். கல் இத்தனை தாலந்து வெள்ளி என்கிறது. மேசைமேல் கிடக்கும் ஸ்டேட்டர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய முகப்பு அச்சுகளையே காட்டுகின்றன. வகுத்தால், ஒரு முகப்பு அச்சுக்குக் குறைந்தது 23,333 காசு, கூடியது 47,250. எடையில் பார்த்தால் ஒரே பட்டடைக் குழியின் வழியாகக் கால் டன்னிலிருந்து அரை டன்னுக்கு மேல் வெள்ளி இறங்கியிருக்கிறது. போக்கியரின் ஓராண்டு அபராதம் முழுவதையும் ஸ்டேட்டராக மாற்ற மூன்றிலிருந்து ஐந்தாறு அச்சு போதும்.

கீழ்வரம்புக்கும் மேல்வரம்புக்கும் இடையே இரட்டை வித்தியாசம் இருப்பதைக் கவனிக்க வேண்டும். சிதைந்த கல்லின் தொகைகளைப் பல விதமாகக் கூட்டலாம். உருக்கிய வெள்ளியில் எவ்வளவு ஸ்டேட்டராயிற்று, எவ்வளவு சில்லறையாயிற்று என்பதையும் பல விதமாகப் பங்கிடலாம். இன்னொன்றும் உண்டு. இந்தக் காசடிப்பு ஒரு குறிப்பிட்ட குவியலைத் தீர்க்க நடந்தது. வெள்ளி தீர்ந்த அன்று வேலை நின்றிருக்கும், கடைசி அச்சுகளில் தெம்பு பாக்கி இருந்தாலும். ஆகவே இது அச்சின் முழு ஆயுளைக் காட்டுகிறது என்றுகூடச் சொல்லிவிட முடியாது.

கணக்கு கிடக்கட்டும், அடித்தே பார்ப்போம் என்று டேவிட் செல்வுட் 1963-இல் பழைய முறையில் அச்சு செய்து சம்மட்டி பிடித்தார். முகப்பு அச்சு 10,000 அடிக்கு மேல் தாங்கும் என்று தெரிந்தது. ஒருவர் தன் பட்டறையில் செய்த பரிசோதனை, பழகிய கைகள் நாள்தோறும் பார்த்த வேலைக்கு எவ்வளவு தூரம் சாட்சி சொல்லும் என்பது வேறு. இருந்தாலும் தெல்ஃபியின் எண் நடக்காத எண் இல்லை என்பது உறுதியாயிற்று. மைக்கேல் கிராஃபோர்டு 1974-இல் ரோமானியக் குடியரசின் காசுகளைத் தொகுத்தபோது முகப்பு அச்சுக்கு 30,000 என்று எடுத்துக்கொண்டார். பெல்ஜியத்தின் ஃபிரான்சுவா டி கலாட்டை கிரேக்க அரசுகளின் காசுகளுக்கு 20,000 என்ற அளவில் வைத்து எண்ணற்ற அட்டவணைகள் போட்டார். இப்படித்தான் ஒரு கோயிலின் தணிக்கைக் கணக்கு, அதற்குச் சம்பந்தமே இல்லாத அரசர்களின் வரவுசெலவுக்குள் நுழைந்தது.

இதைப் பார்த்துக் கொதித்தவர் டி.வி. பட்ரி. 1993-இலும் 1994-இலும் அவர் இரண்டு கட்டுரைகள் எழுதினார்; முதலாவதன் தலைப்பிலேயே உண்மை ஒரு பக்கம், கட்டுக்கதை மறுபக்கம் என்று பிரித்துவிட்டார். அவர் வாதம் எளிது. ஒரே ஓர் ஊரின் ஒரே ஒரு காசடிப்பிலிருந்து சராசரி எடுப்பது எப்படி? இடைக்கால இங்கிலாந்தில் அக்கசாலைக் கணக்குகள் ஆண்டுவாரியாக மிஞ்சியிருக்கின்றன. வழங்கிய அச்சும் தெரியும், அடித்த காசும் தெரியும். அங்கே அச்சுக்கு வந்த சராசரி ஆண்டுக்கு ஆண்டு பல மடங்கு ஏறி இறங்குகிறது. ஒரே நாட்டில், ஒரே முறையில், அடுத்தடுத்த ஆண்டுகளிலேயே இப்படி என்றால், ஏதென்ஸுக்கும் ரோமுக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் பொதுவான எண் எங்கிருந்து வரும்? நிதானம் தேடுவோம் என்று 1995-இல் டி கலாட்டை பதில் எழுதினார். பட்ரி அசையவில்லை.

இருவரையும் படித்தவன் என்ற அளவில் எனக்குத் தோன்றுவது: பட்ரி சொன்ன குறை எல்லாம் உள்ளவைதான், ஆனாலும் பெருக்கிப் பார்ப்பதை அவர் நிறுத்தச் சொன்னது நமக்கு நட்டம். ஒரு நகரம் பத்து அச்சு தேய்த்தது, அண்டை நகரம் இருநூறு தேய்த்தது என்றால் எந்த எண்ணால் பெருக்கினாலும் இரண்டாவது பெரிய கைதான். வம்பு வருவது, பெருக்கி வந்த தொகையைப் பேரேட்டில் கண்டதுபோல் கடைசி இலக்கம் வரை எழுதும்போது.

பழைய ஆசிரியர்கள் வீசியெறிந்த பேரெண்களை உரசிப் பார்க்கவும் வேறு கல் கிடையாது. டியோடோரஸின் 6,000 தாலந்து வெள்ளியையே எடுத்துக்கொள்ளுங்கள். போக்கியர் போர்க்காலத்தில் அடித்தது பெரும்பாலும் காளைத்தலை பொறித்த சின்னக் காசு. எடை மூன்று கிராமுக்கும் குறைவு. அத்தனை வெள்ளியும் அந்தக் காசானால் ஐந்து கோடியைத் தாண்டும். அச்சுக்கு 30,000 என்றால் ஆயிரத்துக்கு மிக மேலே முகப்பு அச்சுகள் வேண்டும். ரோடரிக் வில்லியம்ஸ் 1972-இல் போக்கியரின் வெள்ளிக்காசுகளை அச்சு அச்சாகப் பிரித்து நூல் எழுதினார். அந்தப் பட்டியலில் அவ்வளவு அச்சுக்கு இடமே இல்லை. ஒன்று, டியோடோரஸ் ஊதிப் பெருக்கியிருக்க வேண்டும். அல்லது கூலிப்படையினர் பலர் வெள்ளியை வெட்டித் துண்டாகவோ மற்ற ஊர்க் காசாகவோ வாங்கிப்போயிருக்க வேண்டும். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் என்பது என் கட்சி. பாரசீகக் கருவூலத்தில் அலெக்சாந்தருக்குக் கிடைத்ததாக ஸ்ட்ராபோ சொல்லும் 1,80,000 தாலந்தையும் டி கலாட்டை இப்படித்தான் அச்சுகளோடு வைத்துப் பார்த்தார். எல்லாம் உடனே காசாகவில்லை, ஒரு பகுதிதான் காசாயிற்று என்ற முடிவுக்கு வந்தார். இங்கே பெருக்கு எண் இரட்டை தப்பினால்கூட முடிவு பெரிதாக மாறாது.

ஆம்ஃபிக்டியனி ஸ்டேட்டர் அரிய காசு. எப்போதாவது ஒன்று ஏலத்துக்கு வரும். வாங்குகிறவர் டெமீட்டரின் அழகைப் பார்ப்பார், விலையைப் பார்ப்பார். நாணயவியலாளர் படத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பழைய வார்ப்புகளோடு வைத்து முதலில் காதணியைப் பார்ப்பார், பிறகு கதிர்மணியை. அநேகமாகத் தெரிந்த அச்சாகவே இருக்கும். இல்லாவிட்டால் கணக்கு இறங்க வேண்டும். நூறு தாலந்து ஸ்டேட்டராயிற்று, ஒன்பது அச்சு தேய்ந்தது என்று வைத்திருந்தால் அச்சுக்கு 23,333. பத்தாவது அச்சு ஒன்று தலைகாட்டினால் அது 21,000.